வாசகர் கேள்வி–பதில்: கலத்தில் தெரியும் சிவப்புப் பொட்டு

சிறுவர் இரத்தப் புற்றுநோய், குறிப்பாக நிணநீர்க் கலத்தில் தோன்றும் ஏ.எல்.எல். வகை, பற்றி மலையகத்திலிருந்து வந்த கேள்விகளில் ஐந்தை இம்முறை எடுத்துக்கொண்டோம். பெயர்களைத் தவிர்த்திருக்கிறோம்.

என் மகனுக்கு ஐந்து வயது. ஏ.எல்.எல். என்று சொல்லி மருந்து தொடங்கிவிட்டார்கள். டயக்னோசிஸ் கார்ட்டில் "பி.ஏ.எஸ். பொசிட்டிவ்" என்று இருக்கிறது. நோய் முற்றிவிட்டது என்று அர்த்தமா? பக்கத்து லயத்து அக்கா, "பொசிட்டிவ்னா நல்லது, சீக்கிரம் சுகமாகிடும்" என்கிறார். எது சரி?
— ஒரு தாய், பொகவந்தலாவை

இரண்டுமே இல்லை, அம்மா. பி.ஏ.எஸ். (பேர்அயடிக் அமிலம்–ஷிஃப்) என்பது என்பு மச்சையிலிருந்து எடுத்த கலங்களுக்குச் சாயம் ஏற்றிப் பார்க்கும் சோதனை. கலத்துக்குள் கிளைக்கோஜன், அதாவது உடம்பு சேமித்து வைக்கும் சர்க்கரை, திரண்டு கிடந்தால் அந்த இடம் மெஜந்தாச் சிவப்பாகத் தெரியும். தெரிந்தால் "பொசிட்டிவ்" என்று எழுதுவார்கள். சாயம் பிடித்தது என்பதற்கு மேல் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் கிடையாது. டெங்கு பொசிட்டிவ், கொவிட் பொசிட்டிவ் என்று கேட்டுப் பழகிய காதுக்கு அது பயமாகத்தான் இருக்கும்.

அக்கா சொன்னதும் காற்றில் வந்த கதை அல்ல. ஒரு காலத்தில் டொக்டர்மாரே அப்படி எண்ணியதுண்டு. அது ஏன் நிலைக்கவில்லை என்பது அடுத்த பதிலில் இருக்கிறது.

நோய் எந்தப் பக்கம் போகும் என்று சொல்லக்கூடிய தகவல்கள் வேறு. கிளினிக்கில் கேட்டு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். நோய் பிடிபட்ட அன்று வெள்ளை அணு எவ்வளவு இருந்தது? பி வகை நோயில் (பி, டி என்பவை நோய் தோன்றும் நிணநீர்க் கலத்தின் வகைகள்), பிள்ளைக்கு ஒரு வயது நிறைந்து பத்து வயது நிறையாமல் இருந்து, எண்ணிக்கை மைக்ரோலீற்றருக்கு 50,000 இற்குக் கீழே இருந்தால் சாதாரண ஆபத்துப் பிரிவில் சேர்ப்பார்கள். வயதைப் பொறுத்தவரை உங்கள் மகன் அதற்குள் வருகிறார். அடுத்து, நோய் பி வகையா, டி வகையா? நிறமூர்த்தச் சோதனை செய்தார்களா? நோய்க் கலத்தில் நிறமூர்த்தங்கள் 46 இற்குப் பதிலாக 51 முதல் 65 வரை இருந்தால் நல்ல அறிகுறி. 44 இற்குக் குறைந்திருந்தால் சிகிச்சையைக் கடுமையாக்குவார்கள். 9 ஆவதும் 22 ஆவதும் துண்டு மாறி ஒட்டியிருந்தால் இமாட்டினிப் போன்ற மாத்திரையும் சேரும்.

இவை எல்லாவற்றையும் விடக் கனமான தகவல், மருந்துக்கு நோய் எப்படிப் பணிந்தது என்பது. பிரெட்னிசலோன் என்ற ஸ்டீரொய்டு மருந்தைக் கொடுத்துத் தொடங்கும் முறையில் எட்டாம் நாள் இரத்தத்தைப் பார்ப்பார்கள். நோய்க் கலம் மைக்ரோலீற்றருக்கு 1,000 இற்குக் கீழே வந்திருந்தால் மருந்து நன்றாகப் பிடிக்கிறது. முதற்கட்டச் சிகிச்சை முடிந்து ஏறத்தாழ ஒரு மாதத்தில் மச்சையை மறுபடி எடுத்து எம்.ஆர்.டி. என்ற சோதனை செய்தால், பத்தாயிரம் கலத்தில் ஒரு நோய்க் கலம் மிஞ்சியிருந்தாலும் தெரிந்துவிடும். 0.01 சதவீதம் என்ற கோடு அதுதான். எல்லாச் சோதனையும் எல்லாப் பிள்ளைக்கும் செய்யப்படுவதில்லை. செய்யாததை "செய்யவில்லை" என்றே எழுதிக்கொள்ளுங்கள். வேறு வைத்தியசாலைக்கு மாற்றும்போது அதுவும் உதவும்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். வீட்டில் ஒரு வெப்பமானி இருக்கட்டும். அக்குளில் வைத்துப் பார்த்து 38 பாகை செல்சியஸ் காட்டினால், பனடோல் கொடுத்துவிட்டு விடியட்டும் என்று இருக்காதீர்கள். வெள்ளை அணு இறங்கிய பிள்ளைக்குக் காய்ச்சல் சில மணிநேரத்தில் உயிருக்கு வந்துவிடும். லயத்திலிருந்து மெயின் ரோட்டுக்கு வரவே நேரம் போகும் என்பதால், இரவில் வரக்கூடிய த்ரீவீல்காரர் ஒருவரிடம் இப்போதே பேசி வையுங்கள்.

பி.ஏ.எஸ். கூடுதலாக இருந்தால் ஏ.எல்.எல். நோயாளிக்கு நல்லது என்று பழைய நூலில் இருக்கிறது. விரிவுரையில் அதைச் சொல்லவே இல்லை. எது பிழை?
— எம்.எல்.டி. (மருத்துவ ஆய்வுகூடத் தொழினுட்ப) மாணவர், பதுளை

நூல் எழுதப்பட்ட காலத்தில் அது பிழையல்ல. வேதியியலாளர் ஹூகோ ஷிஃப் தன் கரைசலைப் பற்றி எழுதியது 1866 இல். அதைப் பேர்அயடிக் அமிலத்தோடு சேர்த்து இழையங்களுக்குச் சாயமிடும் முறையை மெக்மனஸ் 1946 இல் வெளியிட்டார். இரண்டு வருடம் கழித்து, 1948 இல், டொக்டர் சிட்னி ஃபார்பர் அமினொப்டெரின் என்ற மருந்தைக் கொடுத்துச் சில பிள்ளைகளின் நோயைத் தற்காலிகமாக அடக்கிக் காட்டினார். நோய் அடங்கும் என்றானதும் அடுத்த கேள்வி தானாக வந்தது: யாருக்கு நீண்ட நாள் அடங்கியிருக்கும்? அன்று கையில் இருந்தவை நுணுக்குக்காட்டியும் சாயப் போத்தலும்தான்.

பிளாஸ்ட் எனப்படும் முதிராத நோய்க் கலங்கள் நூறை எண்ணி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை புள்ளி கொடுத்துக் கூட்டுவார்கள். ஆகக் கூடியது 400. 1960களின் பிற்பகுதியிலும் 70களிலும் வந்த சில ஆய்வுகளில், பி.ஏ.எஸ். கூடிய பிள்ளைகளுக்கு நோய் அடங்கியிருந்த காலம் நீண்டது. வேறு சில ஆய்வுகளில் வித்தியாசமே இல்லை.

சாயத்துக்குப் பின்னால் வேறொன்று நின்றதுதான் குழப்பத்துக்குக் காரணம். இரண்டு முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளில் அதிகம் காணப்படும், சி.டி. 10 என்ற மேற்பரப்புப் புரதம் உள்ள, வெள்ளை அணு அவ்வளவாக ஏறாத பி வகை நோயில்தான் பி.ஏ.எஸ். கட்டிகள் நன்றாகத் தெரியும். டி வகை பெரும்பாலும் சற்று வயது கூடிய ஆண் பிள்ளைகளுக்கு வரும். நெஞ்சுக்குள் கட்டி இருக்கும், வெள்ளை அணு இலட்சத்தைத் தாண்டும், அன்றைய மருந்துக்கு மசியாது. அந்தக் கலங்களில் பி.ஏ.எஸ். பல நேரம் இருக்காது. கருவுக்குப் பக்கத்தில் ஒரே புள்ளியாக அசிட் பொஸ்பட்டேஸ் என்ற நொதியம்தான் தெரியும். ஆகவே சாயத்தை எண்ணியவர்கள், தெரியாமலே பி வகையையும் டி வகையையும் எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

உயரத் தோட்டத்துத் தேயிலைக்கு ஒரு தனி மணம் உண்டு. அங்கே பனிமூட்டமும் அதிகம். பனியை அளந்து மணத்தைச் சொன்னால் பல தடவை சரியாகத்தான் வரும். தோட்டத்தின் உயரத்தையே அளக்க முடிந்த பிறகு பனியை அளப்பானேன்? வெள்ளை அணு எண்ணிக்கையையும் கல வகையையும் கணக்கில் எடுத்ததும் பி.ஏ.எஸ். தனித்து நின்று எதையும் பெரிதாகச் சொல்லவில்லை. போதாததற்கு மருந்தும் மாறிவிட்டது. எந்தக் குறிகாட்டியும் அந்தக் காலத்துச் சிகிச்சையோடு கட்டுண்டது. கடுமையான கூட்டு மருந்து வந்தபின் டி வகைப் பிள்ளைகளும் நன்றாகத் தேறுகிறார்கள். கலத்தின் தோற்றத்தை வைத்து 1976 இல் வந்த எல்1, எல்2, எல்3 வகைப்படுத்தலுக்கும் ஏறக்குறைய இதே கதிதான்: முதல் இரண்டும் உலக சுகாதார நிறுவன வகைப்படுத்தலில் இடம்பெறவில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அதே ஷிஃப் கரைசலைப் பேர்அயடிக் அமிலத்துக்குப் பதிலாக ஐதரோகுளோரிக் அமிலத்துக்குப் பின் ஊற்றினால் கிளைக்கோஜன் அல்ல, டி.என்.ஏ. சிவக்கும். ஃபோயல்கன் 1924 இல் காட்டிய முறை அது. ஒரு கலத்தில் டி.என்.ஏ. எவ்வளவு என்பது நோயின் போக்கை உண்மையாகவே சொல்கிறது. சாதாரண கலத்தை 1 என்று வைத்தால் 1.16 உம் அதற்கு மேலும் உள்ள பி வகை நோய் மருந்துக்கு நன்றாக மசிகிறது. இன்று அதை, கலங்களை ஒவ்வொன்றாக ஒளியில் ஓடவிட்டு அளக்கும் ஃப்ளோ சைட்டோமீற்றரில் அளக்கிறார்கள்.

சாயங்களுக்கு வேலை போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். பிளாஸ்ட்களில் 3 சதவீதத்துக்குக் குறையாமல் மயலோபெரொக்சிடேஸ் அல்லது சூடான் பிளாக் சாயம் பிடித்தால் யோசனை ஏ.எம்.எல். என்ற வேறு வகை இரத்தப் புற்றுநோயின் பக்கம் திரும்ப வேண்டும், மருந்தே வேறு. ஃப்ளோ முடிவு வர நாளெடுக்கும் இடத்தில் இது அன்றைக்கே கிடைக்கும் தகவல்.

எங்கள் ஆய்வுகூடத்தில் பி.ஏ.எஸ். சில நாள் வெளிறிப்போகிறது, சில நாள் ஸ்லைட் முழுக்க இளஞ்சிவப்பாகிறது. ஜூன், ஜூலை மழையில் இன்னும் மோசம். எங்கே பிழைக்கிறது?
— எம்.எல்.டி., நுவரெலியா மாவட்டம்

ஸ்மியரில், அதாவது ஸ்லைட்டில் பூசிய இரத்த அல்லது மச்சைப் படலத்தில், தொடங்குங்கள். மூட்டமான நாளில் ஸ்மியர் பார்வைக்குக் காய்ந்திருக்கும், உள்ளே ஈரம் நிற்கும். அதன்மேல் மெதனோல் பட்டால் கலம் சுருங்கி ஓரம் கலங்கும். சிறிய மின்விசிறிக் காற்றில் காயவிட்டு, சிலிக்கா ஜெல் போட்ட பெட்டியில் வையுங்கள். தீச்சுவாலையில் காட்டக் கூடாது. மெதனோல் போத்தலைத் திறந்து வைத்தால் அதுவே காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஜாடியில் ஊற்றியதை மறுநாளுக்கு வைக்காதீர்கள்.

மெதனோலில் 15 நிமிடம், பிறகு ஓடும் நீரில் கழுவல். 100 மில்லிலீற்றர் நீருக்கு 1 கிராம் என்ற அளவில் பேர்அயடிக் அமிலம், 10 நிமிடம். இது கிளைக்கோஜனில் அருகருகே உள்ள ஐதரொக்சில் கூட்டங்களை உடைத்து அல்டிஹைட்டாக்குகிறது. ஷிஃப் பிடிப்பது அந்த அல்டிஹைட்டைத்தான். அடுத்த கழுவலில் அவசரம் கூடாது. ஸ்லைட்டில் பேர்அயடிக் அமிலம் மிஞ்சினால் அது ஷிஃப்பிலேயே நிறத்தைக் கிளப்பிவிடும். நீங்கள் சொல்லும் முழு இளஞ்சிவப்புக்கு முதற் சந்தேகம் இங்கேதான். இரண்டாவது சந்தேகம் குளுட்டரல்டிஹைட் போன்ற அல்டிஹைட்டில் பதப்படுத்திய ஸ்மியர்: சாயம் பிடிக்க வேண்டிய பொருள் ஏற்கெனவே எங்கும் பூசியிருக்கும்.

ஷிஃப்பில் 30 நிமிடம், இருட்டு ஜாடியில். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்தவுடன் ஊற்றினால் வெளிறும். முன்கூட்டியே வெளியே எடுத்து 20–25 பாகைக்கு வரவிடுங்கள். உங்கள் பக்கத்தில் காலையில் அறையே 15 பாகையில் இருக்கும் என்பதால் இது சின்ன விடயம் அல்ல. பிறகு ஓடும் நீரில் 10 நிமிடம். நிறம் கூடுவது இந்தக் கட்டத்தில்தான். கடைசியாக ஹீமட்டொக்சிலின் 5 நிமிடம். அதைக் கூட்டினால் நீலம் ஏறிச் சிறு மணிகளை மூடிவிடும்.

மலைநாட்டு ஊற்றுநீர் பெரும்பாலும் மென்னீர். அதில் கழுவினால் ஹீமட்டொக்சிலின் நீலமாகாமல் செவ்வூதாவாகவே நிற்கும், மெஜந்தாவோடு போட்டிபோடும். ஒரு லீற்றர் நீரில் 3.5 கிராம் சோடியம் பைகாபனேற்றும் 20 கிராம் மக்னீசியம் சல்பேற்றும் கரைத்து, ஸ்லைட்டை இரண்டு நிமிடம் வையுங்கள். நீலம் தெளிந்துவிடும்.

ஷிஃப்பை நீங்களே தயாரிப்பதானால்: கொதிக்கும் காய்ச்சி வடித்த நீர் 200 மில்லிலீற்றரில் பேசிக் ஃபுக்சின் 1 கிராம். நுவரெலியாவில் நீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடும். கரைய அது போதும். 50 பாகைக்கு ஆறியதும் வடித்து, ஒரு நோர்மல் ஐதரோகுளோரிக் அமிலம் 20 மில்லிலீற்றர். 25 பாகைக்கு வந்ததும் சோடியம் மெற்றாபைசல்பைற்று 1 கிராம். மூடி இருட்டில் ஓர் இரவு. மறுநாள் 2 கிராம் செயற்படுத்திய கரி போட்டு ஒரு நிமிடம் குலுக்கி வடித்தால் நீர்போலத் தெளிந்தோ இளமஞ்சளாகவோ வரும். கபிலப் போத்தலில், 4 பாகையில் வையுங்கள். மூடி தளர்ந்தால் கந்தக ஈரொக்சைட்டு பறந்துவிடும், கரைசல் சிவக்கத் தொடங்கும். சிவந்த ஷிஃப்பை வைத்துக்கொண்டு மினக்கெட வேண்டாம், கொட்டிவிடுங்கள். சந்தேகமிருந்தால் 10 மில்லிலீற்றர் போமலினில் சில துளி விடுங்கள். உடனே செவ்வூதாவானால் நல்லது. மெதுவாக நீல ஊதா வந்தால் அதன் ஆயுள் முடிந்தது.

கட்டுப்பாட்டு ஸ்லைட் என்று ஒன்றைத் தேடி அலைய வேண்டியதில்லை. சாதாரண இரத்த ஸ்மியர் ஒன்றைக் கூடவே சாயமிட்டால் போதும். நியூட்ரோபில் அடர்சிவப்பாக வர வேண்டும். நியூட்ரோபில் வெளிறியிருந்தால் அந்தத் தொகுதியில் "பிளாஸ்ட் நெகட்டிவ்" என்று எழுத யாருக்கும் உரிமை இல்லை. சிவப்பது கிளைக்கோஜன்தானா என்று உறுதிப்படுத்த, இரண்டாவது ஸ்லைட்டைப் பேர்அயடிக் அமிலத்துக்கு முன் டயஸ்டேஸ் கரைசலில் 37 பாகையில் ஒரு மணிநேரம் வையுங்கள். கிளைக்கோஜன் என்றால் சிவப்பு மறைந்துவிடும்.

இனி நூறு மடங்கு எண்ணெய் வில்லையில் பாருங்கள். நிணநீர் வகைப் பிளாஸ்ட்டில் கருவைச் சுற்றி ஒடுங்கிய விளிம்பாகக் கலவுரு. அதில் நிறமே இருக்காது. அந்த வெறுமையில், நெற்றியில் குங்குமம் வைத்ததுபோல் கெட்டியான ஒரு பொட்டு, அல்லது கருவின் ஓரமாக மணி கோத்ததுபோல் நாலைந்து. பொட்டுக்குப் பின்னால் வெறுமை இருக்க வேண்டும்; அதுதான் அடையாளம். மயலோபிளாஸ்ட்டில் சாயம் கரைந்து பரவியதுபோல் மெல்லிய இளஞ்சிவப்பு இருக்கும். மொனோபிளாஸ்ட்டில் அந்தப் பரவல்மேல் பொடிமணிகள். புதியவர்கள் ஏமாறும் இடம் குருதிச் சிறுதட்டு: அதுவும் சிவக்கும். பிளாஸ்ட்டின் மேல் ஒன்று வந்து உட்கார்ந்தால் அசல் பொட்டு மாதிரியே தெரியும். குவியத்தை மேலும் கீழும் நகர்த்துங்கள். கருவும் பொட்டும் வெவ்வேறு தளத்தில் தெளிந்தால் அது தட்டு.

வெளிறல், விட்டுவிட்டுக் காய்ச்சல், கால் வலி, உடம்பில் கண்டல் என்று ஒரு பிள்ளை வந்தால், பெரிய வைத்தியசாலைக்கு அனுப்புமுன் நாங்கள் செய்ய வேண்டியதும் செய்யக் கூடாததும்?
— தோட்ட மருத்துவ உதவியாளர், மஸ்கெலியா

செய்யக் கூடாததில் முதலிடம் ஸ்டீரொய்டுக்கு. மூட்டு வாதம் என்றோ இழுப்பு என்றோ பிரெட்னிசலோன் நாலு நாள் கொடுத்தால் வலி போகும், பிள்ளை விளையாடும். மச்சையில் பிளாஸ்ட் கரைந்து, நோயே தெரியாமல் போகவும் கூடும். முதற் பதிலில் சொன்ன எட்டாம் நாள் கணக்கும் கெட்டுவிடும். ஏற்கெனவே கொடுத்திருந்தால் மருந்து, அளவு, திகதி மூன்றையும் கடிதத்தில் எழுதுங்கள். தசையில் ஊசி வேண்டாம், டைக்ளோஃபெனாக், அஸ்பிரின் வேண்டாம். சிறுதட்டு குறைந்திருந்தால் இரத்தம் நிற்காது.

அன்றே அனுப்புவதுதான் செய்ய வேண்டியது. இரத்தம் எடுக்கும் வசதி இருந்தால் ஈ.டி.டி.ஏ. (இரத்தம் உறையாமல் வைக்கும் பொருள்) குழாயில் எடுத்து, இரண்டு மணிநேரத்துக்குள் மூன்று ஸ்மியர் போட்டுக் காயவைத்துக் கூடவே கொடுங்கள். நுவரெலியாவிலிருந்து கண்டிக்கே ஏறத்தாழ 77 கிலோமீற்றர். ரம்பொடை வளைவுகளில் பஸ் ஊர்ந்து போய்ச் சேர்வதற்குள் குழாயில் உள்ள கலங்கள் வீங்கிக் குமிழ் விழுந்துவிடும். அந்தக் குமிழை நோயின் குமிழ் என்று யாராவது படித்துவிடலாம். பெயரைப் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை மெதனோலில் கரையும்.

மாவட்ட வைத்தியசாலையிலிருந்து மச்சை மாதிரி அனுப்புவோருக்கும் சேர்த்துச் சொல்கிறோம். ஃப்ளோ சோதனைக்கு ஈ.டி.டி.ஏ., நிறமூர்த்தத்துக்கு ஹெபரின். பின்னது உயிருள்ள கலத்தை வளர்த்துச் செய்வது, ஐஸில் படவைக்கக் கூடாது. எலும்புத் துண்டு போட்ட போமலின் போத்தலையும் பதப்படுத்தாத ஸ்மியர்களையும் ஒரே பெட்டியில் வைக்கவே வேண்டாம். மூடிய போத்தலிலிருந்து கசியும் ஆவி போதும், லீஷ்மன் சாயம் பிறகு பச்சை கலந்த நீலமாகத்தான் பிடிக்கும். பி.ஏ.எஸ். சில நாள் பழைய ஸ்மியரிலும் வரும், கிளைக்கோஜன் அவ்வளவு சீக்கிரம் போகாது. பெரொக்சிடேஸ் நொதியம் என்பதால் நாள் போகப்போக மங்கும். ஸ்மியரை வெளிச்சம் படாமல் வையுங்கள்.

கலத்தில் சர்க்கரை இருப்பதால்தான் சாயம் பிடிக்கிறது என்றால், மகளுக்குச் சீனியை நிறுத்த வேண்டுமா? சிறுதட்டு கூடுவதற்குப் பப்பாளி இலைச்சாறு கொடுக்கலாமா?
— ஒரு தந்தை, ஹப்புத்தளை

சீனியை நிறுத்தத் தேவையில்லை. பிளாஸ்ட் தனக்கு வேண்டிய கிளைக்கோஜனை இரத்தத்தில் எப்போதும் இருக்கும் குளுக்கோசிலிருந்து செய்துகொள்கிறது. தேத்தண்ணியில் சீனியைக் குறைத்து அதைப் பட்டினி போட முடியாது, பிள்ளைதான் மெலியும். ஸ்டீரொய்டும் அஸ்பரஜினேசும் சேர்ந்து கொடுக்கும் வாரங்களில் சில பிள்ளைகளுக்கு இரத்தச் சர்க்கரை ஏறும். அப்போது டொக்டர் சொல்லும் நாள்வரை இனிப்பைக் குறையுங்கள்.

பப்பாளி இலைச்சாறு வேண்டாம். டெங்குவில் சிறுதட்டு இறங்குவது வேறு காரணத்தால். இங்கே அதை உண்டாக்கும் மச்சையை நோய்க் கலம் அடைத்திருக்கிறது, மருந்தும் கொஞ்ச நாளைக்கு அதை அடக்கி வைக்கிறது. கொதிக்க வைக்காத இலைச்சாற்றில் கிருமி இருக்கும். வெள்ளை அணு இல்லாத உடம்பு அதைத் தாங்காது. சிகிச்சையில் கொடுக்கும் மெதொட்ரெக்சேற், மெர்கப்டோபியூரின் இரண்டும் ஈரலைப் பாதிக்கக்கூடிய மருந்துகள். ஏற்கெனவே சாறு கொடுத்திருந்தால் மிஸ்ஸியிடம் (தாதியிடம்) மறைக்காமல் சொல்லுங்கள். ஈரல் ரிப்போட்டில் எண் ஏறியிருந்தால், மருந்தைக் குறைப்பதா அப்படியே விடுவதா என்று தீர்மானிக்கும்போது அவர்கள் கேட்கப்போவது அதைத்தான்.